மகளைக் கல்லூரியில் விட்டுவரப் புறப்படுமுன்

2025ஆம் ஆண்டு ஆடித் திங்களில், வலங்கைமானை அடுத்த சிற்றூர் ஒன்றில் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் ஏடுகளைப் பார்வையிட்டுக் கொண்டிருந்தோம். அங்கத்தினர் ஒருவர் கையில் ஒரு காகிதத்துடன் வந்து நின்றார். அவ்வாண்டு மேட்டூர் அணை ஜூன் 12ஆம் நாளிலேயே திறக்கப்பட்டதால், அவருடைய ஒன்றரை ஏக்கர் குறுவையும் களையெடுத்து மேலுரம் இடும் பருவத்தில் இருந்தது. ஆயினும் அவர் வந்தது உரத்திற்காக அன்று. அவர் மகளுக்குச் சென்னையில் ஒரு பொறியியற் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. முதலாண்டு மாணவர்க்கும் பெற்றோர்க்குமான அறிமுக நாளுக்கு வரும்படி கல்லூரியார் எழுதியிருந்தனர். அதற்காகப் 14 பேர் செல்ல ஒரு வேன் பேசியாகிவிட்டது. வாடகை 22,000 ரூபாய். மேலுரத்திற்கென வைத்திருந்த பயிர்க்கடன் பணத்தை அதற்குச் செலவிட்டுவிட்டு, மேற்கொண்டு மனைவியின் சங்கிலியின் பேரில் நகைக்கடன் பெறலாமா என்று கேட்கவே வந்திருந்தார்.

"எங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளை ஐயா. மூன்று பேராகப் போய் இறங்கினால் உறவு முறையார் என்ன சொல்வார்கள்?" என்றார்.

அவருடைய மகிழ்ச்சியைக் குறைக்க நமக்கும் மனம் வரவில்லை. காகிதத்தை வாங்கிப் படித்தோம். மாணவியுடன் இருவருக்கே அரங்கில் இடமுண்டு என்று அதன் இரண்டாம் பக்கத்தில் அச்சிட்டிருந்தது. அவ்விருவர் யாவர் என்று வினவினோம். தாமும், கும்பகோணத்தில் கடை வைத்திருக்கும் மைத்துனரும் என்றார். "வீட்டில் மாட்டையும் தண்ணீரையும் யார் பார்ப்பது? அவள் வந்து என்ன புரிந்துகொள்ளப் போகிறாள்?" என்பது அவர் வாதம்.

இவ்விடத்தில் நம் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாமும் உழவர் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி சென்றவரே. கல்லூரியின் பெயர் இங்கு வேண்டாம். சேர்ந்த நாளில் எம் தந்தையார் அரங்கிற்குள் வரவில்லை. வேப்பமர நிழலிலேயே நின்றுவிட்டார். உள்ளே, விடுதிச் சாப்பாட்டுக் கணக்கு 'டிவைடிங்' முறைப்படி என்று சொன்னார்கள். மாதச் செலவு முழுவதையும் கூட்டி, உண்டவர்களின் நாட்கணக்கால் வகுத்துத் தலைக்கு இவ்வளவு என்று விழச் செய்யும் முறை அது. கூட்டுறவுக்காரர் எவருக்கும் ஒரு நொடியில் விளங்கக்கூடியது. நமக்கு அன்று அது காதில் விழுந்தும் மனத்தில் பதியவில்லை. முதலில் கட்டிய முன்பணத்தில் ஆண்டு முழுவதும் அடக்கம் என்று தந்தையார் எண்ணியிருந்தார். ஐப்பசியில், சம்பா நடவிற்கு இருந்ததெல்லாம் போட்டுவிட்ட வேளையில், சாப்பாட்டுச் சீட்டு வந்தது. கறவை மாடு ஒன்று விற்கப்பட்டது. மகன் பட்டணத்தில் பணத்தைப் பாழாக்குகிறான் என்ற ஐயம் அவருக்கு நெடுநாள் தீரவில்லை. மாட்டைவிட அதுவே எமக்குப் பெரிய நஷ்டம்.

அறிமுக நாளைப் பலர் ஒரு விழா என்றே கருதுகிறார்கள். மாலை, மேடை, புகைப்படம் எல்லாம் அதில் உண்டுதான். ஆனால் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு வகுத்த புதுமுக மாணவர் திட்டம் 3 வாரம் கொண்டது. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2019ல் இத்தகைய வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. பெற்றோரைப் பெரும்பாலும் அழைப்பது முதல் நாளுக்கு மட்டுமே. கட்டணமும், உதவித்தொகையும், வருகைப் பதிவும், விடுதி விதிகளும் அன்றே சொல்லப்படும். பொதுக்குழுக் கூட்டத்திற்கு வராமல் இருந்துவிட்டுப் பின்னர் வட்டியைப் பற்றிக் குறைகூறும் அங்கத்தினரை நாம் அறிவோம். அதே நிலை கல்லூரி வாசலிலும் நேர்ந்துவிடக் கூடாது.

உதவித்தொகையின் நிபந்தனை தெரியாமலோ, தெரிந்தும் பொருட்படுத்தாமலோ போனால் என்ன ஆகும் என்பதற்குக் கும்பகோணத்திலேயே சான்று இருக்கிறது. கணித மேதை இராமானுஜன் 1904ல் அங்குள்ள அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதம் ஒன்றிலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டதனால் அத்தொகை நின்றுபோயிற்று; 1905ல் வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார். அதே கல்லூரியில் அவருக்கு முன் படித்துத் தேறியவர், 1869ல் வலங்கைமானில் ஓர் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்த வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார். பிற்காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய அவர், 1904ல் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தின் தொடக்கத்திலும் பங்கு கொண்டவர். ஆகவே வலங்கைமானிலிருந்து கல்லூரிக்குச் செல்வது புதிய காரியமன்று.

இனிப் பிரயாணத்திற்கு வருவோம். அரசு கலைக் கல்லூரிகளில் முதலாண்டு வகுப்புகள் அண்மை ஆண்டுகளில் ஆனியிலும், பொறியியலில் ஆடி, ஆவணியிலும் தொடங்கி வந்திருக்கின்றன. அதாவது, நடவும் களையும் உள்ள காலம். 2024ல் போல அணை ஜூலை 28 வரை திறவாதிருந்தால், நாற்றங்கால் வேலையே அப்போதுதான் வந்து மோதும். அழைப்பு வந்த அன்றே அண்டை வயல்காரரிடம் இரண்டு நாள் மடை பார்க்கச் சொல்லி வைப்பது நல்லது. அவர் வீட்டுப் பிள்ளைக்கு நாளை நாம் பார்த்துக் கொடுக்கலாம். நெசவாளர்க்கு வேறு விதமான கஷ்டம். தறியில் பாதிச் சேலையை விட்டுச் சென்றால் கூலி தள்ளிப் போகும். புறப்படுமுன் அறுத்துச் சங்கத்தில் கொடுத்துவிட்டால் கூலியே வழிச்செலவாகும்.

வலங்கைமானிலிருந்து கும்பகோணம் பேருந்தில் எட்டிவிடும் தூரம். அங்கிருந்து இரவில் உழவன் விரைவு வண்டி சென்னைக்குச் செல்கிறது. பெயரே நமக்காக வைத்தது போலிருக்கிறது! 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்னரே திறக்கும் என்றாயிற்று. கலந்தாய்வு முடிந்து நாள் தெரியும்போது இடம் தீர்ந்திருக்கக் கூடும். முதல் நாள் தட்கலை நம்புவோர், 2025 ஜூலை முதல் இணைய வழியில் அதற்கு ஆதார் சரிபார்ப்பு வேண்டும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். போக மூவருக்கும் திரும்பி வர இருவருக்குமாகப் படுக்கைக் கட்டணம் 2,000 ரூபாயை எட்டாது என்று கணக்கிட்டுக் காட்டினோம். அங்கத்தினர் வேன் வாடகையை ஒரு பக்கம் எழுதி, இதை எதிர்ப்பக்கம் எழுதி, வெகுநேரம் பார்த்திருந்தார்.

கேட்டு வரவேண்டியவற்றுள் தலையாயது ஒன்று. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை கற்பிப்புக் கட்டணத்தைச் சார்ந்தது. விடுதிக்கும் உணவிற்கும் அது செல்லாது. 2021ல் அரசுப் பள்ளி மாணவர்க்குத் தொழிற்படிப்புகளில் ஏற்பட்ட 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தோர்க்கோ விடுதிச் செலவையும் அரசே ஏற்கும் என்று அறிவிக்கப்பட்டது. தம் பிள்ளை எதில் சேர்ந்தது என்பதைப் பெற்றோர் தெளிவாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பகடிவதைக்கு எதிராக 2009ஆம் ஆண்டின் விதிகளின்படி மாணவர் ஒன்றும் பெற்றோர் ஒன்றுமாக உறுதிமொழி தர வேண்டும். அதைப் படியாமல் கையெழுத்திட வேண்டாம். உதவி கேட்க 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண்ணும் உண்டு. மகள் மட்டுமன்றித் தாயும் அதைக் குறித்து வைக்கலாம்.

அங்கத்தினர் ஒருவாறு இணங்கினார். பயிர்க்கடன் உரத்திற்கே சென்றது. சங்கிலி வீட்டிலேயே இருந்தது. மைத்துனருக்குத்தான் சிறிது மனத்தாங்கல். ஊரில் ஒரு விருந்து வைத்து அதைச் சரிசெய்தார்களாம்.

புரட்டாசியில் மீண்டும் அவ்வூர் சென்றபோது அவர் மனைவியாரைப் பால் சங்கத்தில் கண்டோம். அரங்கில் எல்லோரும் வாய் திறவாதிருக்க, தாம் ஒருவரே எழுந்து, "பிள்ளை ஊருக்கு வருகிற நாட்களுக்குச் சாப்பாட்டுக் கணக்கில் கழிவு உண்டா?" என்று கேட்டதாகக் கூச்சத்துடன் கூறினார். பால் கணக்குப் புத்தகத்தின் கடைசித் தாளைப் புரட்டிக் காட்டினார். விடுதிக் காப்பாளரின் எண்ணும், அதன் கீழ், "3 நாள் முன்னே எழுதிக் கொடுத்தால் கழிப்பார்கள்" என்ற வரியும் பென்சிலால் எழுதியிருந்தன.