தேநீரின் கடுமையும் கனமும் மணமும்

பண்டாரவளைக்கும் கொஸ்லந்தைக்கும் இடையே மலைச்சரிவில் அமைந்த பூனாகலையின் தேநீர்க் கடையொன்றில் ஒருவர் "நல்ல சாயம்" என்று புகழ்வாராயின், கோப்பை நன்கு கறுத்திருக்கிறது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். நிறம் கறுத்தால் கடுமை மிகும், கடுமை மிகுந்தால் தேயிலை உயர்ந்தது என்பது பலரது கணக்கு. கொழும்பில் தேயிலையைச் சுவைத்து விலை மதிப்போர் இக்கணக்கை ஒப்புவதில்லை. அவர்கள் கடுமையை வேறாகவும் கனத்தை வேறாகவும் மணச்சுவையை வேறாகவும் மதிக்கின்றனர். இம்மூன்றும் ஒரே இலையில் ஒருங்கே உச்சம் பெறுவது அரிது. ஊவாத் தேயிலையின் பெருமையும், அப்பெருமைக்காக ஒருசாரார் கொடுக்கும் விலையும் இந்த வேறுபாட்டில்தான் அடங்கியுள்ளன.

கடுமை என்பது இலையிலிருந்து நீரில் இறங்கிய சாரத்தின் மிகுதி. பாலும் சீனியும் சேர்த்த பின்னும் தேநீர் தன் குணம் கெடாது நிற்குமாயின் அது கடுமையுடையது. கனமோ வாய் நிறையத் தோன்றும் உணர்ச்சி. கஞ்சியையும் அதன் தெளிவையும் அடுத்தடுத்து அருந்தியவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. இவற்றோடு விறுவிறுப்பு என்ற ஒன்றும் உண்டு. அது நாவையும் ஈறையும் சற்றே இறுக்கி உடனே விட்டுவிடும் துவர்ப்பு. அஃதில்லாத தேநீர், நிறம் எத்துணை இருப்பினும், ஆறிப்போன பண்டம் போலிருக்கும். மணச்சுவை மட்டும் நாவின் அறிவு அன்று, மூக்கின் அறிவு. நேயர்கள் இதனைத் தாமே சோதித்து அறியலாம். சளி பிடித்து மூக்கடைத்த நாளில் தேநீரின் கசப்பும் துவர்ப்பும் நன்கு தெரியும். மணச்சுவையோ அடியோடு மறைந்துவிடும்.

இக்குணங்களுள் பெரும்பகுதி, தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என வழங்கும் தொழிற்சாலையில் உருவாகின்றது. பறித்த கொழுந்தை முதலில் வாடவைக்கின்றனர். பின்னர் உருளை இயந்திரத்தில் இட்டுக் கசக்குகின்றனர். இலையின் நுண்ணறைகள் உடைந்து சாறு காற்றோடு கலக்கும்போது பச்சை இலை செம்பு நிறம் கொள்கிறது. இதனைப் 'புளிக்கவைத்தல்' என்பது வழக்கு. ஆயினும் இங்கே மாவு புளிப்பது போன்ற புளிப்பு ஏதும் இல்லை, காற்றிலுள்ள உயிர்வளி செய்யும் வேலையே இது. அவ்வேளையில் இருவகை நிறப்பொருள்கள் தோன்றுகின்றன. தியாபிளேவின் என்பது பொன்னிறத் தெளிவையும் விறுவிறுப்பையும் தருவது. தியாரூபிகின் என்பது செந்நிறத்தையும் கனத்தையும் தருவது. நேரம் நீள நீள முன்னது குறைந்து பின்னது பெருகும். மணமும் மெல்ல மெல்லக் கழியும். ஆகவே கறுத்த கோப்பையை விரும்புகிறவர் இலையை நெடுநேரம் விடுகிறார். மணத்தைக் காக்க விரும்புகிறவர் முன்னதாகவே சூட்டில் இட்டு உலர்த்திவிடுகிறார். இரண்டையும் ஒருவரே முழுதாகப் பெற இயலாது.

இலை விளையும் இடமும் இதற்குத் துணை நிற்கிறது. 600 மீற்றருக்குக் கீழே, காலி, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களின் வெப்பத்தில் செடி விரைந்து தழைக்கும். அத்தேயிலை கறுத்து, கனத்து, கடுமையாக இருக்கும். சீனியோடு கடும்சாயம் அருந்தும் மேற்காசிய நாட்டினர் அதனையே விரும்பி வாங்குகின்றனர்; இலங்கையின் உற்பத்தியில் பாதிக்கு மேற்பட்டதும் அதுவே. அதனைத் தாழ்ந்த தேயிலை என்று மலைநாட்டார் சிலர் கூறுவது வெறும் ஊர்ப்பற்று. 1,200 மீற்றருக்கு மேலே குளிரில் செடி மெல்ல வளர்கிறது. அங்கே கனம் குறைந்து மணம் ஓங்குகிறது.

ஊவாவுக்கு வாய்த்த தனிச்சிறப்பு காற்று. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு மலைமுடியைக் கடக்கிறது. கிழக்கே இறங்க இறங்கச் சூடேறி ஈரம் வற்றிவிடுகிறது. கிழக்கு மாகாணத்தார் கச்சான் என்று சொல்வதும் இவ்வறண்ட காற்றையே. யூலை முதல் செப்டெம்பர் வரை, பகலில் இக்காற்றும் இரவில் குளிரும் மாறிமாறி வருத்த, தேயிலைச் செடி வளர்ச்சியை ஒடுக்கிக்கொள்கிறது. அப்போது இலையில் சில மணப்பொருள்கள் மிகுகின்றன. அவற்றுள் ஒன்று மெதைல் சலிசிலேட். தசைவலிக்குத் தேய்க்கும் தைலங்களில் மணப்பதும் அதுவே. ஊவாத் தேநீரில் தொண்டையைக் குளிர்விக்கும் அந்த மெல்லிய வாசனைக்கு இதுவே காரணம். டார்ஜிலிங், சீனத்துக் கீமுன் ஆகியவற்றோடு ஊவாவையும் சேர்த்து உலகின் சிறந்த மூன்று கறுப்புத் தேயிலைகள் என்று எண்ணுவதும் இந்தச் சில வாரத்துத் தேயிலையை வைத்துத்தான். மழை இறங்கியதும் அம்மணம் போய்விடும்.

ஆனால் மணம் மிகும் காலம், கொழுந்து அருகும் காலம். வறண்ட செடியில் தளிர் குறைவு. நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று தோட்டம் விதித்த அளவை எட்டாத பெண்ணுக்கு 'அரைப் பேர்' போடுவது பல தோட்டங்களில் நெடுங்கால வழக்கம். ஏலத்தில் தேயிலைக்கு உயர்ந்த விலை கிடைக்கும் வாரங்களில், அதைப் பறித்தவளின் கூடை இலேசாகவும் பேர் அரையாகவும் இருப்பது விந்தையான கணக்கு. மணத்துக்காகக் கூடுதல் விலை பெறும் பருவத்தில் நிறையைக் கொண்டு மட்டும் உழைப்பை அளப்பது முறையன்று. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் தேர்ந்து கிள்ளும் விரல்கள் இல்லையேல் காற்று மட்டும் மணத்தைக் கொண்டுவந்துவிடாது. முற்றிய இலை கலந்தால் எந்த ஸ்டோரும் அதனைத் திருத்தவும் இயலாது.

கொழும்பில் 1883ஆம் ஆண்டு தொடங்கிய ஏலம் 2020 முதல் கணினி வழியே நடக்கிறது; சுவைப்பது மட்டும் இன்றும் நாவும் மூக்குமே. 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் என்பது அனைத்துலக அளவு. அதன்பின் சுவைஞர் ஒரு கரண்டி தேநீரை ஓசையெழ உறிஞ்சி, காற்றோடு கலந்து மூக்குவரை ஏற்றி, உமிழ்ந்துவிடுகிறார். வீட்டில் அவ்வளவு வேண்டியதில்லை. கடுமையும் கனமும் உள்ள தூளைப் பாலோடு காய்ச்சினாலும் குறைவில்லை. ஊவாவின் பருவத் தேயிலையைக் கொதிக்கவிடலாகாது. கொதித்த நீரை மேலே ஊற்றி, மூடிவைத்து, நான்கைந்து நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். பால் துவர்ப்பை மட்டுப்படுத்தி மணத்தையும் மங்கச்செய்யும். பொதியின்மேல் உள்ள பி.ஓ.பி. முதலிய எழுத்துக்கள் துகளின் பருமனைக் குறிப்பனவேயன்றித் தரத்தை அல்ல. துகள் சிறுத்தால் சாயம் விரைவில் இறங்கும், அவ்வளவே.

லயத்து அடுப்பில் விடியுமுன் கொதிக்கும் தேத்தண்ணி பெரும்பாலும் தோட்டம் மாதந்தோறும் கொடுக்கும் தூளில் ஆனது. அதில் சாயம் உண்டு, கடுமையும் உண்டு. மணமுள்ள தேயிலை அதே மலையிலிருந்து லொறி ஏறிக் கொழும்புக்குப் போகிறது.