எத்தனை மணிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்?

பிள்ளைச்சாவடியைத் தாண்டி ஈசிஆரில் வடக்கே போனால் காலாப்பட்டு. அரசு சட்டக் கல்லூரியும் புதுச்சேரி மத்தியச் சிறையும் அங்கேதான் இருக்கின்றன. தெற்கே திரும்பி டவுனுக்குப் போவதென்றால் பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் என்று தமிழ்நாட்டு மண்ணைக் கடந்தாக வேண்டும். எனவே இந்தப் பக்கத்தில் ஒருவரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனால், வீட்டார் முதலில் கேட்க வேண்டியது: எந்தப் போலீஸ், புதுச்சேரியா தமிழ்நாடா? அடுத்தது: எத்தனை மணிக்கு?

குற்ற வழக்குகளில் மனித உரிமைக்காக வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியைத்தான் துருவிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு வீட்டில் இரவு பத்து மணிக்குக் கதவு தட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். “சும்மா விசாரணைதான், ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போகட்டும்” என்கிறார்கள். மறுநாள் கோர்ட்டுக்கு வரும் காகிதத்திலோ “காலை ஆறு மணிக்குப் பேருந்து நிறுத்தம் அருகே கைது” என்றிருக்கிறது. நடுவே எட்டு மணி நேரத்தைக் காணோம். அடி விழுந்திருந்தாலும், வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கியிருந்தாலும், அது அந்த எட்டு மணி நேரத்துக்குள்தான் நடந்திருக்கும்.

சட்டம் போடும் கெடு

கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22-வது பிரிவு. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் இவற்றை அப்படியே வைத்திருக்கிறது.

கைது நடக்கும் விதத்துக்கு ஒழுங்கு வந்தது ஒரு கடிதத்தால். 1986-ல் மேற்கு வங்கத்தில் இலவச சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவராக இருந்த டி.கே.பாசு, லாக்கப் சாவுகள் பற்றிய பத்திரிகைச் செய்திகளைச் சுட்டி உச்ச நீதிமன்றத்துக்கு எழுதினார். கோர்ட் அதையே மனுவாக ஏற்றது. பத்து ஆண்டுகள் கழித்து, 1996 டிசம்பரில், 11 விதிகள் வந்தன. கைது நேரமும் தேதியும் எழுதிய அரெஸ்ட் மெமோ வேண்டும். அதில் குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும், கைதானவரும் கையெழுத்திட வேண்டும். உறவினருக்குத் தகவல் போக வேண்டும். காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒரு முறை டாக்டர் பரிசோதிக்க வேண்டும்.

காகிதங்களை அடுக்கும் வேலை

புகார் எழுந்ததும் ஊருக்குள் வரும், மனித உரிமை அமைப்புகளின் உண்மை அறியும் குழு முதலில் வீட்டாரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் தனித்தனியாகப் பேசும். பிறகு காகிதங்களைத் தேடும்: எஃப்ஐஆர், அரெஸ்ட் மெமோ, ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு (ஏ.ஆர்.) காப்பி, ரிமாண்ட் உத்தரவு, சிறையில் சேர்க்கும்போது உடல் காயங்களைக் குறித்த பதிவு. எல்லாவற்றிலும் உள்ள நேரங்களை எடுத்து ஒரே தாளில் வரிசையாக எழுதினால் ஓட்டை தானாகத் தெரியும். டாக்டர் “காயமில்லை” என்று எழுதிய அதே நாளில் சிறைப் பதிவேடு காயங்களைப் பட்டியலிட்டிருந்தால், இரண்டில் ஒன்று பொய்.

சாத்தான்குளம் சொன்னது

2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி வியாபாரி ஜெயராஜைச் சாத்தான்குளம் போலீஸ் பிடித்தது. பின்னாலேயே ஸ்டேஷனுக்குப் போன மகன் பென்னிக்ஸும் வீடு திரும்பவில்லை. மறுநாள் ரிமாண்ட், கோவில்பட்டி கிளைச் சிறை. 22-ம் தேதி இரவு மகன் இறந்தார், 23 அதிகாலை தந்தை இறந்தார்.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வழக்கைத் தானாகவே கையில் எடுத்தது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் பாரதிதாசன் ஸ்டேஷனின் சிசிடிவியைப் பார்த்தார். ஹார்ட் டிஸ்க்கில் 1 டெராபைட் இடம் இருந்தும், அன்றன்றைய பதிவு தானாக அழிந்துபோகும்படி வைத்திருந்தார்கள். 19-ம் தேதிக் காட்சி எதுவுமே இல்லை. கேமரா காட்டாததை அன்றிரவு பணியிலிருந்த தலைமைக் காவலர் ரேவதி சொன்னார்: விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேஜையிலும் ரத்தக் கறை இருந்தது. பயத்தோடுதான் சொன்னார், ஆனால் கையெழுத்துப் போட்டார்.

அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி என்ற வேறொரு வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், வசதி இல்லாவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு குடும்பத்துக்கு நடந்ததை ஆவணமாக்குவது ஆய்வு. அது அடுத்த வீட்டுக்கு நடக்காதபடி விதியாக்கச் சொல்லி மல்லுக்கட்டுவது உரிமைக்கான வாதாட்டம். இரண்டும் சேர்ந்ததுதான் இந்த வேலை.

சிறைக்குள்ளும் கெடு உண்டு

2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். நான்கில் மூவர் இன்னும் தீர்ப்பைக் கேட்காதவர்கள். குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை. முதல் முறை சிக்கியவர், அந்தக் குற்றத்துக்கான உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால் ஜாமீனுக்குத் தகுதி பெறுகிறார். ஆயுள், மரண தண்டனைக் குற்றங்களுக்கும், வேறு வழக்குகள் நிலுவையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தாது. நாளை எண்ணிச் சொல்ல வெளியே ஆள் இல்லாதவர்கள்தான் கெடு தாண்டியும் உள்ளே கிடக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் நடந்தால்

கூட்டிப்போன நேரம், வண்டி எண், வந்தவர்களின் பெயர், உடன் பார்த்தவர்கள்: உடனே எழுதி வையுங்கள். 15100-ஐ அழைத்தால் இலவச சட்ட உதவி கிடைக்கும். ஒருவரின் உயிர், சுதந்திரம் தொடர்பான தகவலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும். தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தமிழிலேயே, கட்டணமின்றி, சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் எழுதலாம். ஆள் எங்கே என்றே தெரியவில்லையா? ஆட்கொணர்வு மனு போடலாம். பிள்ளைச்சாவடிக்கும் கோட்டக்குப்பத்துக்கும் போலீஸ் வேறு என்றாலும் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றுதான்.

அந்தக் காலத்தில் வக்கீல்கள் வீட்டாரிடம் முதலில் சொன்னது, “போய் ஒரு தந்தி அடியுங்கள்” என்பதுதான். கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும் போன தந்தியில் தந்தி ஆபீஸ் குத்திய நேரத்தைப் பின்னால் யாராலும் மாற்ற முடியாது. காலை ஆறு மணிக்குக் கைது என்று மெமோ சொல்லும். முந்தின இரவே தந்தி போயிருக்கும். 2013 ஜூலையோடு தந்தி சேவை நின்றுவிட்டது. இன்று அதே வேலையை மாவட்ட அதிகாரிக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் அனுப்பும் ஒரு மின்னஞ்சல் செய்யும். இரண்டு வரி போதும். விடியும் வரை காத்திராமல் அனுப்புங்கள்.