செத்த மீன் வாய் திறக்காது

புழல், கொளத்தூர், செங்குன்றம் பக்கத்திலிருந்து மீன்நோய் ஆய்வகத்துக்கு வருகிறவர்களின் கையில் பெரும்பாலும் ஒரு கவர் இருக்கும். உள்ளே, நேற்றே செத்து வயிறு உப்பி, செவுள் வெளுத்துப்போன மீன்கள். "எல்லா மருந்தும் போட்டுப் பார்த்தாச்சு சார்" என்பதுதான் முதல் பேச்சு. தண்ணீர் எங்கே என்று கேட்டால், "மீனுக்குத்தானே சீக்கு, தண்ணி எதுக்கு?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

சென்னை வெக்கையில் செத்த மீன் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கிவிடும். கொன்ற கிருமி எது, பிறகு குடியேறியது எது என்று அதற்குமேல் பிரித்துச் சொல்வது பெரும்பாடு.

விடிகாலையில் வாய் பிளந்தால்

குளத்து மீன்கள் எல்லாம் ஒரே சமயத்தில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றனவா? மணி என்ன என்று முதலில் பாருங்கள். பாசி பகலில் ஆக்சிஜனைத் தரும். இரவில் அதுவும் மீனோடு சேர்ந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அதனால் விடியும் நேரத்தில்தான் தட்டுப்பாடு உச்சத்தில் இருக்கும். மூடாக்குப் போட்ட நாட்களில் இன்னும் மோசம்.

வேடிக்கை இங்கேதான். ஆறு மணிக்கு ஒருவர் ஏதோ ஒரு மருந்தைக் கொட்டுகிறார். ஒன்பது மணிக்கு வெயில் ஏறுகிறது, பாசி வேலையைத் தொடங்குகிறது, மீன்கள் கீழே இறங்குகின்றன. பேர் மருந்துக்குப் போகிறது! அடுத்த மூடாக்கில் அதே மருந்தை இரட்டிப்பாக ஊற்றுகிறார். உண்மையில் தேவைப்பட்டது காற்றூட்டும் இயந்திரமும், கொஞ்சம் புதுத் தண்ணீரும், அன்று ஒரு நாள் தீனி நிறுத்தமும்தான்.

கேப்சூலைப் பிரித்துக் கொட்டும் வைத்தியம்

மெடிக்கலில் டெட்ராசைக்ளின் வாங்கி, கேப்சூலைப் பிரித்துத் தொட்டியில் தூவுவது வண்ணமீன் வளர்ப்பவர்களிடம் ஊறிப்போன பழக்கம். மார்கழிக் குளிரில் மீன்மேல் ரவை தூவியதுபோல வெள்ளைப்புள்ளி வந்தாலும் அதே கேப்சூல். வெள்ளைப்புள்ளி பாக்டீரியாவால் வருவதில்லை. ஒருசெல் ஒட்டுண்ணியால் வருவது. ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. ஃபில்டரில் அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாக்களைத்தான் கொல்லும். அம்மோனியா ஏறி, செவுள் வெந்து மீன் சாகும்போது பழி நோய்மேல் விழுகிறது.

இந்த ஒட்டுண்ணி தோலுக்கு அடியில் இருக்கும்வரை எந்த மருந்தும் எட்டாது. புள்ளி உதிர்ந்ததும் குணமாகிவிட்டது என்று மருந்தை நிறுத்துகிறார்கள். உதிர்ந்த ஒவ்வொரு புள்ளியும் தொட்டியின் அடியில் நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகிறது என்பதும், மருந்து பிடிப்பது அந்தக் குஞ்சுகள் நீந்தும்போதுதான் என்பதும் தெரிவதில்லை.

மீன் பேனுக்கு வயல் பூச்சிமருந்தை ஊற்றுகிறவர்கள் தனி ரகம். பேன் சாகலாம்; கூடவே மீனுக்கு உணவான நுண்ணுயிர்களும் சாகும். அந்தக் குளத்து மீனைச் சாப்பிடப்போவது யார் என்று ஒருமுறையாவது யோசிக்க வேண்டாமா? மாலகைட் கிரீனும் அப்படித்தான். உண்ணும் மீனுக்கு அது ஆகவே ஆகாது.

"நாங்க இயற்கை வைத்தியம்தான்" என்பார்கள் சிலர். மஞ்சளையும் வேப்பிலையையும் அரைத்துக் கரண்டி கரண்டியாகக் கொட்டினால் அதுவே அழுகி, இருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும். கல் உப்பு நல்ல மருந்துதான். ஆனால் பத்து லிட்டருக்கு 20 கிராம் என்று நிறுத்துப் போட வேண்டும். கைப்பிடிக் கணக்கு ரசத்தோடு நிற்கட்டும்.

தண்ணீர் மாற்றும்போதும் கவனம் வேண்டும். புழல் ஏரி கூப்பிடு தூரத்தில் இருந்தாலும், குழாயில் வருவது குளோரின் கலந்த குடிநீர். ஒருநாள் திறந்து வைத்து, காற்றூட்டிய பிறகே அதைத் தொட்டியில் விட வேண்டும்.

விராலின் புண்

1988-ல் வடகிழக்கு வழியாக இந்தியாவுக்குள் வந்த கொள்ளைநோய் இது. குளிரும் மழையும் சேரும் காலத்தில் விரால், கெண்டை, கெளுத்தியின் உடம்பில் சிவப்புத் திட்டு தோன்றி, சதை தெரியும் குழிப்புண்ணாகும். காரணம் அஃபனோமைசஸ் என்னும் பூஞ்சை போன்ற உயிரி. புவனேஸ்வர் நன்னீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் இதற்கென்றே 'சிஃபாக்ஸ்' என்ற மருந்தை உருவாக்கியது. புண் பரவிய மீனைக் காப்பாற்றுவது அரிது. ஐப்பசி மழைக்கு முன்பே, தண்ணீரின் காரத்தன்மையைப் பார்த்து, அளவறிந்து சுண்ணாம்பு இட்டவர்களே தப்பிக்கிறார்கள்.

எதை எடுத்து வர வேண்டும்

உயிருள்ள, நோய்ப்பட்ட இரண்டு மூன்று மீன்கள், ஆக்சிஜன் நிரப்பிய பையில். தனி பாட்டிலில் ஒரு லிட்டர் குளத்துத் தண்ணீர். இதுவரை ஊற்றிய மருந்துகளின் பட்டியல், ஒளிக்காமல். வழவழப்பையும் செவுளையும் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். வைரஸ் என்று சந்தேகம் வந்தால் பிசிஆர். மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் இருக்கிறது. வர முடியாதவர்கள், மத்திய அரசு 2023 ஜூனில் வெளியிட்ட மீன்நோய் புகார் செயலியில் படத்தோடு பதியலாம்.

கெஞ்சிக் கேட்பது

புதிதாக வாங்கிய மீனை இரண்டு வாரம் தனித் தொட்டியில் வையுங்கள். விற்பனை போய்விடும் என்று அவசரப்படாதீர்கள். சாக்கடை ஓரம் அள்ளிய டியூபிஃபெக்ஸ் புழுவை அலசாமல் போடாதீர்கள். செத்த மீனை ஏரிக்கால்வாயில் வீசாதீர்கள். அந்தத் தண்ணீர்தான் நகரத்துக்குக் குடிக்கப் போகிறது. தொட்டிக்கு ஒரு வலை வைத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து. கட்டுப்படியாகாது என்றால், ஒரே வலையை ஒவ்வொரு முறையும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் முக்கி, வெயிலில் காயவைத்துவிட்டாவது அடுத்த தொட்டியில் விடுங்கள்.