பில்லிலும் பெஸ்ட், பஸ்சிலும் பெஸ்ட்

தாராவியில் ஓர் அக்கா இருக்கிறார். மாலை வகுப்பில் எழுத்துக் கற்றவர். தமிழ் படிக்க வந்ததும் நான்கு ஆங்கில எழுத்துகளையும் கற்றுக்கொண்டார். பி, இ, எஸ், டி. வீட்டுக்கு வரும் மின்சார பில்லில் இந்த நான்கும்தான் பெரிதாக இருக்கும்.

ஒரு நாள் மாட்டுங்கா போகப் பஸ்சுக்கு நின்றார். வந்த பஸ்சிலும் அதே நான்கு எழுத்துகள். பக்கத்தில் நின்ற பையனிடம் கேட்டார்.

"ஏம்ப்பா, கரண்ட் கம்பெனியா பஸ்சும் ஓட்டுது?"

"ஆமாக்கா. ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்ப செம்பூர்ல எங்க சித்தி வீட்டு பில்லுல வேற பேரு இருக்கே?"

பையனுக்குப் பதில் தெரியவில்லை. நாம் தெரிந்துகொள்வோம்.

அந்த நான்கு எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் 'பெஸ்ட்' என்று வரும். மும்பையின் மின்சார, போக்குவரத்து நிறுவனம் அது. மாநகராட்சியைச் சேர்ந்தது. ஆனால் முதலில் அது தனியார் கம்பெனி. 1874இல் பம்பாயில் குதிரை இழுக்கும் டிராம் வண்டி ஓடத் தொடங்கியது. அதை ஓட்டியது ஒரு கம்பெனி. 1905இல் மின்சாரத்துக்கும் டிராமுக்கும் சேர்த்து ஒரு கம்பெனி வந்தது. 1907இல் குதிரை போய் மின்சார டிராம் வந்தது. 1926இல் பஸ் வந்தது. 1947 ஆகஸ்டு மாதம், சுதந்திரத்துக்குச் சில நாள் முன்பு, மாநகராட்சி அந்தக் கம்பெனியை எடுத்துக்கொண்டது.

பெஸ்ட் மின்சாரம் கொலாபாவில் தொடங்கி மாஹிம், சயான் வரைதான். தாராவியும் மாட்டுங்காவும் அதற்குள் வரும். செம்பூர் வராது. அங்கே அதானி அல்லது டாடா மின்சாரம். பஸ்சுக்கு மட்டும் இந்த எல்லை கிடையாது. செம்பூரிலும் பெஸ்ட் பஸ்தான் ஓடுகிறது.

பஸ்சில் லாபம் வருவது கடினம். கட்டணத்தை ஏற்றினால் ஏழை ஏற மாட்டார். ஏற்றாவிட்டால் டீசலுக்குக் காசு இல்லை. பல ஆண்டுகள் மின்சாரத்தில் வந்த லாபம் பஸ் நஷ்டத்தைத் தாங்கியது. விளக்கெரிக்கிறவர் ஏன் பஸ் நஷ்டத்தைச் சுமக்க வேண்டும் என்ற கேள்வி பின்னர் எழுந்தது. அந்த வழி அடைபட்டது. பழைய பஸ்கள் தேய்ந்தன. புதிது வாங்கப் பணம் இல்லை.

அப்போதுதான் கூட்டு முறை வந்தது. நம் ஊர் மாட்டுவண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மாடும் வண்டியும் ஒருவருடையது. வண்டிக்காரனுக்குச் சம்பளம் கொடுப்பதும் அவரே. பாரம் ஏற்றுகிறவர் நடைக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கிறார். கூட்டு முறையும் அப்படித்தான். பஸ் கம்பெனியுடையது. ஓட்டுநரை வைப்பது கம்பெனி. பழுது பார்ப்பதும் கம்பெனி. எந்த வழியில் ஓடுவது, கட்டணம் எவ்வளவு என்று சொல்வது பெஸ்ட். பஸ் ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பெஸ்ட் பணம் கொடுக்கும். டிக்கெட் பணம் பெஸ்டுக்கு வரும்.

இதில் நன்மை உண்டு. மொத்தப் பணத்தையும் முதலில் போட வேண்டியதில்லை. புதிய பஸ் சீக்கிரம் வரும். மின்சார பஸ்கள் பெரும்பாலும் இப்படித்தான் வந்தன. புகை இல்லை, சத்தம் குறைவு. 2019 ஜூலையில் பெஸ்ட் கட்டணத்தை நன்றாகக் குறைத்தது. ஐந்து கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய். கூட்டம் திரும்பி வந்தது.

தீமை எங்கே? கணக்கைப் பாருங்கள். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கம்பெனியின் வரவு முன்பே முடிவாகிவிட்டது. லாபம் கூட வேண்டுமானால் செலவைக் குறைக்க வேண்டும். எந்தச் செலவை? ஓட்டுநர் சம்பளம், பயிற்சி, பழுது வேலை. இவைதான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றன.

2023 ஆகஸ்டில் கம்பெனி ஓட்டுநர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். சுமார் ஒரு வாரம் நடந்தது. பெஸ்ட் ஓட்டுநருக்கு ஒரு சம்பளம், அதே சாலையில் அதே வேலை செய்யும் தங்களுக்குக் குறைந்த சம்பளமா என்று கேட்டார்கள். 2024 டிசம்பர் 9 அன்று இரவு குர்லாவில் ஒரு மின்சார பஸ் கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். அதுவும் கூட்டு முறையில் ஓடிய பஸ். ஓட்டுநருக்கு அந்தப் பெரிய பஸ்சில் போதிய பயிற்சி கொடுத்தார்களா என்று ஊரே கேட்டது.

சொந்த பஸ் 3,337 இருக்க வேண்டும் என்று 2019இல் தொழிற்சங்கத்தோடு ஓர் ஒப்பந்தம் ஆனது. 2025இல் சில நூறு சொந்த பஸ்தான் மிஞ்சின. அந்த ஆண்டு மே மாதம் குறைந்த கட்டணம் ஐந்து ரூபாயிலிருந்து பத்து ரூபாய் ஆனது. காய்கறிக் கூடையோடு தினம் இரண்டு முறை ஏறுகிறவருக்கு இது சின்னக் கணக்கு அல்ல.

கூட்டு முறை பஸ்சோடு நிற்கவில்லை. 2021இன் கடைசியில் 'சலோ' என்ற கம்பெனியோடு சேர்ந்து பெஸ்ட் ஒரு கைபேசிச் செயலியைக் கொண்டுவந்தது. பஸ் எங்கே வருகிறது என்று அதில் பார்க்கலாம். டிக்கெட்டும் எடுக்கலாம். பஸ்சில் உள்ள ஒரு கருவி தன் இருப்பிடத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதுதான் இதன் சூட்சுமம். மழையில் நிற்கிறவருக்கு இது பெரிய உதவி என்றே சொல்வேன்.

மின்சாரத்திலும் இப்படித்தான். 2022இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர்கள் பொருத்தும் வேலையை பெஸ்ட் அதானி குழுமத்துக்குக் கொடுத்தது. இந்த மீட்டரில் கைபேசி போலத் தொடர்பு வசதி உண்டு. கணக்கெடுக்க ஆள் வர வேண்டாம். கணக்கு தானே போய்ச் சேரும். முன்பணம் கட்டினால்தான் மின்சாரம் என்று ஆகிவிடுமோ எனப் பலர் பயந்தார்கள். பல இடங்களில் எதிர்ப்பு எழுந்தது. சாதாரண வீடுகளுக்கு முன்பண மீட்டர் கிடையாது என்று 2024இல் மாநில அரசு சொன்னது.

செம்பூர்க்காரர்களுக்குக் கூட்டு முறையில் பழைய அனுபவம் ஒன்று உண்டு. மோனோ ரயில். ஒற்றைத் தண்டவாளத்தில், தூண்களின் மேல் ஓடுவது. 2014 பிப்ரவரியில் செம்பூருக்கும் வடாலாவுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. லார்சன் அண்ட் டூப்ரோவும் மலேசியாவின் ஸ்கோமி கம்பெனியும் சேர்ந்து அமைத்தன. 2017 நவம்பரில் மைசூர் காலனி நிலையத்தில் பெட்டிகள் தீப்பிடித்தன. பல மாதம் ரயில் இல்லை. 2018 டிசம்பரில் அரசு அமைப்பு ஒப்பந்தத்தை ரத்து செய்து, தானே ஓட்டத் தொடங்கியது. 2025 ஆகஸ்டு 19 அன்று கொட்டும் மழையில் ரயில் நடுவானில் நின்றுவிட்டது. தீயணைப்பு வீரர்கள் கிரேன் வைத்து மக்களை இறக்கினார்கள். மறு மாதம், புதுப்பிப்பதற்காக என்று சொல்லிச் சேவையை நிறுத்தினார்கள். கம்பெனி போனது. தூண்கள் இருக்கின்றன.

ஆகவே கூட்டு என்றால் முதலில் கேட்க வேண்டியது இது: கெட்டால் யார் பொறுப்பு? பஸ் கம்பெனியுடையதாக இருக்கலாம். டிக்கெட் வாங்கியது பெஸ்டிடம். உங்கள் புகாருக்கு பெஸ்ட்தான் பதில் சொல்ல வேண்டும். "அது கம்பெனி பஸ்" என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவும் உரிமை உண்டு. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு தாளில் எழுதி, பத்து ரூபாய் கட்டிக் கொடுக்கலாம். முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். வியாபார ரகசியம் என்று சில பக்கங்களை மறுக்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

புகார் எழுத மூன்று விவரம் தேவை: பஸ்சின் வழித்தட எண், வண்டி எண், நேரம். இதில்தான் அக்காவுக்கு ஒரு சிக்கல். மும்பை பஸ்சின் முகப்பில் வழித்தட எண் மராத்தி எழுத்தில் இருக்கும். நாம் பழகிய எண்கள் அல்ல. மொத்தம் பத்து எழுத்துகள்தான். அக்கா இப்போது அவற்றைக் கற்கிறார். நேற்று வரை ஆறு வந்திருக்கிறது.