சிரா ஒயின்: ஊற்றும் முறையும் ருசி பார்க்கும் முறையும்

(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் பேசியது)



திராட்சை போட்டிருக்கிற நேயர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். "என் மகன் நட்சத்திர ஓட்டலில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். சிரா என்று ஒரு சிவப்பு ஒயினாம். அதைத் திறந்து ஊற்றுவதற்கே தனியாகப் பயிற்சி கொடுக்கிறார்களாம். ஒரு பாட்டில் பல ஆயிரம் ரூபாயாம். திராட்சைச் சாறுதானே ஐயா, அதிலே அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். குடியுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. மது உடம்புக்கு நல்லதும் இல்லை. ஆனால் ஒரு திராட்சை விவசாயியின் வருஷ உழைப்புக்கு எங்கே, எப்படி மார்க் போடுகிறார்கள் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய சங்கதி.

சிரா என்பது திராட்சை ரகத்தின் பெயர். பிரான்சு நாட்டிலே ரோன் ஆறு லியோன் நகரைத் தாண்டித் தெற்கே இறங்குகிறது. அந்த ஆற்றங்கரைச் சரிவுகள்தான் இதற்குச் சொந்த ஊர். பாரசீகத்து ஷிராஸ் நகரத்திலிருந்து வந்த ரகம் என்று வெகுகாலம் கதை சொல்லி வந்தார்கள். 1990-களின் கடைசியில் மரபணுச் சோதனை செய்து பார்த்தபோது, பிரான்சிலேயே இருக்கிற துரேசா என்ற கறுப்பு ரகமும், மொந்தேஸ் பிளான்ஷ் என்ற வெள்ளை ரகமும் சேர்ந்து பிறந்த பிள்ளை இது என்று தெரிந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் இதே ரகத்தை ஷிராஸ் என்கிறார்கள். நம் நாட்டில் நாசிக் பக்கமும் அந்தப் பெயரில் பயிராகிறது.

ரோன் கரையில் பேர்போன இடங்கள் இரண்டு. ஒன்று எர்மித்தாஜ் குன்று. மொத்தமே சுமார் 340 ஏக்கர்தான். இன்னொன்று கோத் ரோத்தி. 'வறுபட்ட சரிவு' என்று அர்த்தம். நிற்கவே கால் வழுக்குகிற செங்குத்து நிலம். கல்லடுக்கிச் சுவர் கட்டி, படிப்படியாக நிலம் திருத்தியிருக்கிறார்கள். டிராக்டர் ஏறாது. மழையில் அரித்துப்போன மண்ணை அந்தக் காலத்தில் கூடையில் சுமந்து மேலே கொண்டுபோய்க் கொட்டினார்கள். வடக்கேயிருந்து வீசுகிற காற்று பலமானது. அதனால் ஒவ்வொரு கொடியையும் தனித்தனிக் கம்பில் கட்டி நிறுத்துகிறார்கள். மகசூலுக்கும் சட்டப்படி வரம்பு உண்டு. எர்மித்தாஜில் ஏக்கருக்குச் சுமார் 1,600 லிட்டர் ஒயின். பழக்கணக்கில் இரண்டு டன்னுக்குச் சற்று மேலே. பந்தல் போட்டு டன் டன்னாக அறுக்கிற நமக்கு இது சொற்பமாகத் தெரியும். கொடியில் காய் அதிகமானால் சாறு நீர்த்துப்போகும், அதற்காகத்தான் இந்தக் கட்டுப்பாடு.

இனி அந்தப் பையனுக்குப் பயன்படுகிற விஷயத்துக்கு வருவோம்.

முதலில் சூடு. சிவப்பு ஒயினை அறைச் சூட்டில் கொடுக்க வேண்டும் என்பார்கள். அது குளிர்நாட்டு அறைங்க! சிராவுக்கு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் சரி. நம் ஊர் 30 டிகிரியில் அப்படியே ஊற்றினால் சாராய நெடிதான் மூக்கில் ஏறும், பழ வாசனை அமுங்கிவிடும். ரொம்பவும் ஜில்லென்று இருந்தாலோ வாசனை எழும்பாது, துவர்ப்பு மட்டும் நாக்கைப் பிடிக்கும். ஆகவே ஐஸ் போட்ட தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிஷம் பாட்டிலை வைத்து எடுத்தால் போதும்.

பழைய பாட்டிலின் அடியில் வண்டல் படிந்திருக்கும். முதல் நாளே நிமிர்த்தி வைத்துவிட வேண்டும். கழுத்துக்குப் பின்னால் வெளிச்சம் இருக்கும்படி பிடித்து, கண்ணாடிக் கூஜாவில் மெதுவாகச் சாய்க்கணும். வண்டல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டியதுதான். இள வயது சிராவாக இருந்தால் ஒன்றிரண்டு மணி நேரம் கூஜாவில் காற்றுப் பட்டால் முரட்டுத்தனம் தணியும். மிகப் பழையதை அப்படி விடக்கூடாது, வாசனை ஓடிப்போகும்.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றுவதில்லை. கஞ்சத்தனம் இல்லை, சுழற்றுவதற்கும் வாசனை தங்குவதற்கும் இடம் வேண்டுமே! காம்பைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் கைச்சூடு ஏறிவிடும். முதலில் விருந்து கொடுப்பவருக்குக் கொஞ்சம் ஊற்றிக் காட்டுவது வழக்கம். பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்கல்ல அது. கார்க்கு மூடியால் சில சமயம் ஒயின் கெட்டுப்போய், நனைந்த அட்டைப் பெட்டி மாதிரிப் பூஞ்சை நாற்றம் அடிக்கும். அப்படியானால் பாட்டிலையே மாற்றித் தர வேண்டும்.

ருசி பார்க்கிறவர் முதலில் வெள்ளைத் துணிமேல் கிளாஸைச் சாய்த்து நிறம் பார்ப்பார். இள ஒயின் மை மாதிரிக் கருநீலச் சிவப்பு. வயதாக ஆக ஓரத்தில் செங்கல் நிறம் தட்டும். இந்த நிறமெல்லாம் தோலிலிருந்து வருவது. சாறு மட்டும் பிழிந்தால் சிவப்பே இருக்காது. தோலோடு சேர்த்து ஊறப்போட்டுப் புளிக்க வைப்பதால்தான் நிறமும் துவர்ப்பும் இறங்குகின்றன.

பிறகு முகர்ந்து பார்ப்பார். இங்கேதான் சிராவின் குணம் தெரியும். கறுத்த பழ வாசனை, புகை வாசனை, இவற்றோடு சுத்தமான மிளகு வாசனை! யாரும் மிளகு போடவில்லை. 2008-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் காரணம் கண்டுபிடித்தார்கள். ரோட்டன்டோன் என்ற ஒரு பொருள். மிளகின் வாசனையும் இதே பொருளால்தான். இது திராட்சைத் தோலில் இருக்கிறது. ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில், ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி அதில் 16 பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். வேடிக்கை என்னவென்றால், ஐந்து பேரில் ஒருவருக்கு இந்த வாசனை தெரிவதே இல்லை. ஆகவே பக்கத்தில் இருப்பவர் "மிளகா, எங்கே?" என்றால் அவரைக் கோபித்துப் பிரயோஜனமில்லை.

விவசாயி கவனிக்க வேண்டியது, குளிர்ந்த சரிவிலும் குலைக்கு நிழல் இருந்த இடத்திலும் இந்த மிளகு கூடும் என்பது. வெயில் அதிகமாகப் பட்டுப் பழுத்த தோட்டத்துச் சிராவில் மிளகு குறைந்து, பழப்பாகு வாசனை மேலோங்கும். இலையைக் கிள்ளிய அளவும், அறுவடை செய்த நாளும் கிளாஸிலே தெரிந்துவிடும். அங்கே அனுபவசாலிகள் அறுவடைக்கு முன்னால் பழத்தைக் கடித்து விதையைப் பார்க்கிறார்கள். விதை பச்சையாக இருந்தால் ஒயின் கசந்து துவர்க்கும். பழுப்பாகி மொறுமொறுவென்று உடைந்தால் பழம் தயார்.

கடைசியில்தான் வாய். ஒரு மடக்கு எடுத்து, நாக்கு முழுக்கப் படவிட்டு, கொஞ்சம் காற்றை உறிஞ்சிக் கொண்டு, துப்பிவிடுவார். ஆமாங்க, தொழிலாக ருசி பார்ப்பவர்கள் விழுங்குவதில்லை. பாக்கு மென்றது போன்ற துவர்ப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, துப்பிய பிறகும் மணம் எத்தனை நேரம் நிற்கிறது என்று கணக்குப் பார்ப்பார்கள். நல்ல எர்மித்தாஜ் வெகுநேரம் நிற்கும்.

இதோடு சுட்ட ஆட்டிறைச்சி பொருத்தம். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பைத் தணிக்கும். மிளகுக் காரம் ஒத்துப்போகும். மிளகாய்க் காரம் ஆகாது. சாராயம் அதை இன்னும் எரியவைக்கும். மிஞ்சியதை மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் போனால் காடியாகப் புளிக்கத் தொடங்கிவிடும், சமையலுக்குத்தான் ஆகும்.