பிஜோயா மாலைக்கு ஒரு பட்சணப் பலகை

துர்கா பூஜை முடிந்து பிரதிமையை கங்கையில் கரைத்தபின், காளி பூஜை வரைக்கும் கொல்கத்தாவில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் "சுபோ பிஜோயா" சொல்லிக்கொள்வார்கள். பெரியவர்களின் காலைத் தொட்டு வணங்குவதும், சமவயதினர் தழுவிக்கொள்வதும், வந்தவர் வாயில் கட்டாயம் ஓர் இனிப்பைப் போடுவதும் இந்த நாட்களின் சம்பிரதாயம். நம் வீடுகளிலோ அப்போதுதான் கொலுவை எடுத்துக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைத்திருப்போம். சுண்டல் முடிந்த கையோடு சந்தேஷ் ஆரம்பித்துவிடும். வங்காளத்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு வயிற்றுக்கு ஓய்வே இல்லாத மாதம் இது.

எங்கள் அடுக்குமாடியில் ஒரு காலத்தில் பதினோரு தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. இப்போது மூன்று. பிள்ளைகள் பெங்களூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போக, பெற்றோரும் பின்னால் போய்விட்டார்கள். எனவே பிஜோயாவுக்கு எங்கள் வீட்டுக்கு வரும் இருபது பேரில் பதினைந்து பேருக்கு அதிரசம் என்றால் என்னவென்று தெரியாது. எவர்சில்வர் டப்பாவைத் திறந்து நீட்டினால் மரியாதைக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு, கையில் வைத்திருந்து, மெல்ல மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். நம் பிள்ளைகளே அப்படித்தான் செய்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சென்ற ஆண்டு என் மகள் கைபேசியில் ஒரு படம் காட்டி, "அம்மா, இந்த மாதிரி போர்டு வைக்கலாமே" என்றாள். ஒரு பெரிய மரப்பலகை முழுவதும் கேக்கும் சாக்லேட்டும் பழமும் பிஸ்கோத்தும் நெருக்கமாக அடுக்கியிருந்தது. 'கிரேஸிங் போர்டு' என்று பெயராம். ஆடு மாடு மேய்வதுபோல வருகிறவர்கள் அவ்வப்போது வந்து கொறித்துவிட்டுப் போவதால் அந்தப் பெயர். பெயர் எனக்குப் பிடிக்கவில்லை, விஷயம் பிடித்திருந்தது. கல்யாண வீட்டில் சீர் பட்சணங்களைத் தாம்பாளங்களில் பரப்பி வைக்கிறோமே, வங்காளிகள் 'தத்வ' என்று தட்டுத்தட்டாக அலங்கரித்து, மீன் உருவத்தில் சந்தேஷ் செய்து பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் அனுப்புகிறார்களே, அதன் தங்கைதானே இது! ஆகவே சாக்லேட்டை விட்டுவிட்டு நம் பட்சணத்தையும் இந்த ஊர் மிஷ்டியையும் ஒரே பலகையில் வைத்தோம். எப்படிச் செய்தோம் என்று கேட்ட சிநேகிதிகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஓர் ஆட்சேபணைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். என் மாமியார் கேட்டார்: "ஏம்மா, இருபது பேர் கை வைக்கிற தட்டா? எச்சில் ஆகாதா?" நியாயமான கேள்வி. வங்காளிகளுக்கும் 'எட்டோ' என்று இதே எண்ணம் உண்டு. பழைய வீடுகளில் நம்மைவிடக் கண்டிப்பு. சுகாதாரம் என்று பார்த்தாலும் மாமியார் பக்கம்தான் நியாயம். எனவே மூன்று ஏற்பாடுகள். சுவாமிக்கு நைவேத்தியம் செய்ய வேண்டியதைப் பலகையில் அடுக்குவதற்கு முன்பே தனியாக எடுத்து வைத்துவிட்டோம். ஒவ்வொரு வகைக்கும் ஒரு சிறு இடுக்கியோ கரண்டியோ வைத்தோம். சால் இலைத் தொன்னைகளைப் பலகையின் அருகில் அடுக்கினோம். வேண்டியதைத் தொன்னையில் எடுத்துக்கொண்டு தள்ளிப்போய்ச் சாப்பிடுவது. பலகைமேல் குனிந்து நின்று சாப்பிடக் கூடாது என்பதைக் குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும்; பெரியவர்கள் அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். மாமியார் சமாதானம் ஆனார். அவருக்கு மட்டும் தனித்தட்டு, முதலிலேயே.

பலகைக்கு 2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம் இருந்தால் இருபது பேருக்குப் போதும். வார்னிஷ் அடித்த ஒட்டுப்பலகை வேண்டாம். உட்காருகிற மணையையும் எடுக்காதீர்கள், வீட்டில் சண்டை வரும். பெரிய பித்தளைத் தாம்பாளமும் அழகுதான். ஆனால் ஈயம் பூசாத பித்தளையில் பழத்தின் புளிப்பு பட்டால் கெடுதல். எதுவானாலும் மேலே வாழை இலை போட்டுவிடுவது என் வழக்கம். லேக் மார்க்கெட்டில் எப்போதும் இலை கிடைக்கும். தணலில் லேசாக வாட்டினால் கிழியாமல் வளைந்து கொடுக்கும்.

இப்போது கணக்கு. ஆளுக்கு ஐந்து சிறு துண்டு வைத்தால் 100 துண்டு. சந்தேஷ் 20, சின்ன அளவு ரசகுல்லா 20, தேங்காய் உருண்டை 20, ஓர் அங்குலச் சதுரமாக வெட்டிய மைசூர்பாகு 20, பத்து அதிரசத்தைப் பாதியாக வெட்டி 20. இந்த ஊரில் மிஷ்டியை எண்ணிக்கையில்தான் விற்பார்கள் என்பதால் கணக்குப் போடுவது சுலபம். நம் ஊர்போல் "அரை கிலோ கொடுங்கள்" என்றால் கடைக்காரர் நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார். பெரிய அளவில் இருக்கும் இனிப்புகளை வாங்காதீர்கள். பலகையின் சுவாரசியமே பலவற்றில் கொஞ்சம் கொஞ்சம் தின்பதில் இருக்கிறது. ஒரு பெரிய ராஜபோக்கை எடுத்தவர் அத்தோடு எழுந்துவிடுவார்.

கடையில் வாங்குவதில் சில விஷயங்கள். பாலைத் திரித்து வடித்த 'சானா'வில் செய்பவைதான் வங்காளத்து இனிப்புகளில் பெரும்பாலானவை. சானா சீக்கிரம் கெடும். அன்று வாங்கி அன்றே தீர்க்க வேண்டும். உதிரியாக விற்கும் இனிப்புகளுக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கடையில் எழுதி வைக்கவேண்டும் என 2020 அக்டோபர் முதல் விதி இருக்கிறது. கேட்டு வாங்குங்கள், கூச்சம் வேண்டாம். அக்டோபரில் 'நொலேன் குர் சந்தேஷ்' என்று எழுதியிருந்தால் ஏமாற வேண்டாம். ஈச்சமரத்திலிருந்து அந்தப் பதநீர் இறக்குவதே குளிர்காலத்தில்தான். முன்பனியில் வரும் வாசனை புரட்டாசி ஐப்பசியில் வருவதென்றால் அது போன வருஷத்து வெல்லமாக இருக்கும், அல்லது சீசாவிலிருந்து வந்திருக்கும். இந்தப் பருவத்துக்குச் சாதாரண நரம்பாக் சந்தேஷே உத்தமம். ஜல்பரா வாங்கினால் குழந்தைகளுக்கு வேடிக்கை. நுங்கு வடிவில் இருக்கும், கடித்தால் உள்ளிருந்து பன்னீர் வழியும். சந்தன்நகரில் புதுமாப்பிள்ளையைக் கேலி செய்வதற்காகக் கண்டுபிடித்தார்கள் என்று கதை. பட்டுச்சட்டை போட்டிருப்பவர்களை எச்சரித்துவிட வேண்டும்.

ரசகுல்லாவைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ஜாக்கிரதை. வங்காள ரசகுல்லாவுக்கு 2017-லும் ஒடிசா ரசகோலாவுக்கு 2019-லும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. எங்கள் மூன்றாம் மாடியில் ஒடியாக் குடும்பம் ஒன்று உண்டு. இரண்டும் நன்றாயிருக்கிறது என்று சொல்லிக் காரத்தட்டை நகர்த்துவது என் கொள்கை.

பலகையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் தேங்காய் உருண்டைதான். பிஜோயாவுக்கு வங்காள வீடுகளில் 'நார்கேல் நாரு' இல்லாமல் இராது. துருவிய தேங்காயும் வெல்லமும் சேர்த்துக் கிளறி உருட்டியது. சர்க்கரையில் செய்தால் வெள்ளையாக இருக்கும். நம் பூரணத்தைச் சற்று இறுக்கிக் கிளறினால் அதேதான். தேங்காய்த் துருவல் 2 கப், பொடித்த வெல்லம் 1 கப், ஏலக்காய். கனமான வாணலியில் மிதமான தீயில் கிளறி, ஓரத்தில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் உருட்டிவிட வேண்டும். ஆறவிட்டால் உதிரும். எதிர்வீட்டு மாஷிமா தம் வீட்டு நாருவைக் கொண்டுவந்திருந்தார்; நான் செய்ததையும் அவர் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அவர் துளி பச்சைக் கற்பூரம் போடுகிறார், நான் ஏலக்காய் போடுகிறேன். வேறு வித்தியாசம் கிடையாது. "உங்கள் ஊரிலும் நாருவா?" என்று அவருக்கு ஆச்சரியம். முப்பது வருஷமாக எதிரெதிர் வீட்டில் இருக்கிறோம்.

பலகை தட்டையாக இருந்தால் கடைத்தட்டு மாதிரி இருக்கும். நடுவில் உயரமாக ஏதாவது வேண்டும். வெளிநாட்டுப் படங்களில் கேக் வைக்கிறார்கள். நமக்குப் பருப்புத்தேங்காய் இருக்கிறதே! கல்யாணத்தில் ஜோடியாக வைக்கும் அந்தக் கூம்பைவிடக் கம்பீரமான பட்சணம் எது? பொட்டுக்கடலை 2 கப்புக்கு வெல்லம் 1 கப். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிப் பாகு வைத்து, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்து உருட்டித் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் கேட்கவேண்டும். அதற்குக் குறைந்த பதத்தில் கூம்பு நிற்காது. அதுவும் இந்த ஊர் ஈரக்காற்றில் அரைமணியில் சாய்ந்துவிடும். கடலையைக் கொட்டிக் கலந்து, உள்ளே நெய் தடவிய கூட்டில் சூடாக இருக்கும்போதே கரண்டிக் காம்பால் அழுத்தி நிரப்புங்கள். கூடு இல்லாதவர்கள் கெட்டி அட்டையைக் கூம்பாகச் சுருட்டி, உள்ளே நெய் தடவிய வாழை இலை வைத்துச் செய்யலாம். இளகிய கரும்பு வெல்லம் சரியாகப் பாகு ஏறுவதில்லை. நம் ஊர் உருண்டை வெல்லத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வேர்க்கடலைக்குப் பதில் பொட்டுக்கடலை சொன்னதற்குக் காரணம் உண்டு. வருகிற குழந்தைகளில் யாருக்காவது வேர்க்கடலை ஒவ்வாமை இருக்கலாம்; முன்பே பெற்றோரிடம் கேட்டுக்கொள்வது அவசியம். முந்திரி, பாதாம் சேர்ந்த பண்டங்களைத் தனித்தட்டில், தனிக் கரண்டியோடு வையுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் கைக்கு எட்டும் இடத்தில் முழுக் கடலை வகை எதுவும் கூடாது; தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

அடுக்கும் முறையில் ஒரே விதிதான்: ஈரம் ஈரத்தோடு, உலர்ந்தது உலர்ந்ததோடு. ரசகுல்லாவைக் கிண்ணத்தில் பாகோடு வைக்க வேண்டும். இலைமேல் வைத்தால் பாகு ஓடி மைசூர்பாகை நனைத்துவிடும். பர்த்தமான் மிஹிதானா கிடைத்தால் நம் பூந்தியைவிட நுணுக்கமான அந்தப் பொன்னிற மணிகளை ஒரு சிறு வெள்ளிக் கிண்ணத்தில் குவியுங்கள், பலகைக்கே களை வந்துவிடும். மிஷ்டி தோய் வேண்டாம். இடத்தை அடைக்கும், கரண்டி வேறு வேண்டும். முறுக்கு, ஓமப்பொடி, நிம்கி இவற்றைக் கடைசி நிமிஷத்தில் டப்பாவிலிருந்து எடுத்து ஓரத்தில் வைக்கவேண்டும். காரம் இல்லாத இனிப்புப் பலகை இரண்டாவது துண்டிலேயே திகட்டிவிடும். கொய்யா, மாதுளை, ஆப்பிள் போன்ற பழங்களை நறுக்கி இடைவெளிகளில் செருகினால் போதும். பால், சானா சேர்ந்தவற்றை மொத்தமாக வைக்காமல் பாதியைக் குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டு தீரத்தீர நிரப்புங்கள். இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியில் இருந்ததைத் திரும்ப உள்ளே வைத்து மறுநாள் பரிமாறக் கூடாது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் விஷயம். இன்று எந்த வீட்டில் இல்லை? "இது வெல்லம்தானே, ஒன்றும் செய்யாது" என்று உபசாரம் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். வெல்லமும் சர்க்கரைதான். ரசகுல்லாவைப் பிழிந்து சாப்பிட்டாலும் உள்ளே இருப்பது இருக்கும். அவர்களைத் தனியாக உட்காரவைத்து 'உங்களுக்கு மட்டும் பிஸ்கோத்து' என்று கொடுப்பதும் கொடுமை. பலகையில் இந்தச் சங்கடம் பெரும்பாலும் தீர்கிறது. துண்டுகள் சிறியவை, ஒரு மூலையில் சுண்டலும் வறுத்த கடலையும் கொய்யாவும் தாராளமாக இருக்கும், யார் எதை எடுத்தார்கள் என்று யாரும் கவனிப்பதில்லை. என் மாமனாரின் சிநேகிதர் ஒருவர் பாதி அதிரசமும் ஒரு தொன்னை சுண்டலும் எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் எல்லோரோடும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். வழக்கமாக இனிப்பு வந்ததும் எழுந்து பால்கனிக்குப் போய்விடுகிறவர் அவர்.

பெயர்ச் சீட்டுகளைப் பற்றிச் சொல்ல மறக்கக் கூடாது. ஒவ்வொரு பண்டத்தின் அருகிலும் சின்ன அட்டையில் அதன் பெயரைத் தமிழிலும் வங்காளியிலும் எழுதிவைக்கலாம். வங்காளி எழுத்து என் மகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, பள்ளிக்கூடத்தில் படித்தது. தமிழில் பேசுவாள், எழுதத் தெரியாது. சங்கத்தின் ஞாயிறு வகுப்புக்கு இரண்டு மாதம் போய் நிறுத்தியவள். 'அதிரசம்' என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். பார்த்துப் பார்த்து வரைந்தாள். 'மைசூர்பாகு' எழுதும்போது ஐகாரம் எந்தப் பக்கம் வரும் என்று பாட்டியிடம் கேட்டாள். 'பருப்புத்தேங்காய்' அட்டையில் இடம் போதாமல் இரண்டாம் வரிக்குப் போயிற்று. மாலையில் வந்த வங்காளிப் பிள்ளைகள் அந்த எழுத்துகளைக் காட்டி "இது எப்படிப் படிப்பது?" என்று கேட்க, இவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். ழகரம் இல்லாத பட்சணங்களாகப் பார்த்து நான் செய்திருந்தது நல்லதாகப் போயிற்று. அன்று அதிரசம் ஒன்றுகூட மேஜை ஓரத்தில் மிஞ்சவில்லை.

மிஞ்சுகிறவற்றுக்கும் வழி சொல்லிவிடுகிறேன். இவை பலகைக்கு வராமல் குளிர்பெட்டியிலேயே இருந்தவையாக இருக்க வேண்டும். சந்தேஷை உதிர்த்து மறுநாள் சேமியா பாயசத்தில் போடலாம், சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளுங்கள். ரசகுல்லாவைப் பிழிந்து, சுண்டக் காய்ச்சிய பாலில் ஊறவைத்தால் இரவுச் சாப்பாட்டுக்கு ஆயிற்று. பருப்புத்தேங்காயை உடைக்கக் குழவி வேண்டும். எங்கள் வீட்டில் எதிர்வீட்டு மாஷிமாவின் பேரன் அந்த வேலையை இந்த வருஷத்துக்கும் இப்போதே பதிவு செய்து வைத்திருக்கிறான்.