டிசையரா, நெக்ஸானா? நீளம் ஒன்று, டிக்கியும் ஒன்று... அப்புறம் எதற்குக் கூடுதல் காசு?

வீட்டில் முதல் கார் பேச்சை எடுத்துப் பாருங்கள். அரை மணி நேரத்தில் இரண்டு கட்சி உருவாகிவிடும். "எடுத்தா எஸ்.யூ.வி.தான், அதுதான் கெத்து" என்பார் தம்பி. "மைலேஜ் குடுக்கணும், டிக்கி பெருசா இருக்கணும், டிசையர் போதும்டா" என்பார் அப்பா. "ஏறி இறங்க முட்டி வலிக்காம இருந்தா சரி" என்று அம்மா சொல்வது யார் காதிலும் விழாது. ஆனால், இந்த மூன்றில் காரின் அமைப்பைச் சரியாகப் பிடித்த கேள்வி அம்மாவுடையதுதான்.

காரணம் இது. மாருதி டிசையரின் நீளம் 3,995 மில்லிமீட்டர். டாடா நெக்ஸானின் நீளமும் 3,995 மில்லிமீட்டர். டிசையரின் டிக்கி 382 லிட்டர், நெக்ஸானுக்கும் அதே 382. ஒன்று செடான், இன்னொன்று எஸ்.யூ.வி. என்று ஷோரூமில் பிரித்து வைத்திருக்கிறார்கள். டேப் வைத்து அளந்தால் பெரிய வித்தியாசம் உயரத்தில்தான். டிசையர் 1,525 மி.மீ., நெக்ஸான் 1,620 மி.மீ. நெக்ஸானின் அகலமும் 69 மி.மீ. கூடுதல். ஆக, கூடுதலாகக் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி இந்த உயரத்துக்குப் போகிறது. அந்த உயரம் உங்களுக்கு எவ்வளவு தேவை என்பதுதான் கணக்கு.

எல்லா காரும் ஏன் ஒரே நீளம்?

இது தற்செயல் இல்லை. 2006-ம் ஆண்டு பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் ப.சிதம்பரம் சின்ன கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும், பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசி, டீசல் இன்ஜின் 1,500 சிசியைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. அதன்பின் கம்பெனிகள் கத்தரியை எடுத்துவிட்டன. 2008-ல் வந்த முதல் டிசையர் 4 மீட்டரைத் தாண்டிய கார். 2012-ல் பின்பக்கத்தை வெட்டி 3,995-க்குள் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டே மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 3,999 மி.மீ. நீளத்தில் வந்து, குட்டி எஸ்.யூ.வி. என்ற சந்தையையே திறந்துவிட்டது.

அந்த 4 மீட்டர் கோடு இன்னும் அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல், இந்த நிபந்தனைக்குள் வரும் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், மற்ற பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40 சதவீதம். டிசையரும் நெக்ஸானும் 18 சதவீதத்தில் வருகின்றன. ஆனால் அதே 3,995 மி.மீ. நீளமுள்ள மாருதி பிரெஸ்ஸா 40 சதவீதத்தில் மாட்டிக்கொண்டது. அதன் பெட்ரோல் இன்ஜின் 1,462 சிசி என்பதுதான் காரணம். 'குட்டி எஸ்.யூ.வி. எல்லாம் ஒரே ரகம்' என்று நினைத்து விலையை ஒப்பிட்டால் இங்கேதான் குழப்பம் வரும்.

இன்னொரு விஷயம். வரிச் சட்டத்தின் கண்ணில் நெக்ஸான் ஒரு சின்ன கார், அவ்வளவுதான். பொறியியல் கண்ணிலும் அது ஸ்கார்பியோ, தார் மாதிரி லேடர் ஃபிரேம் வண்டி இல்லை. டிசையரைப் போலவே மோனோகாக் உடல், முன்சக்கர இயக்கம். உயர்த்திக் கட்டிய ஹேட்ச்பேக் என்று சொன்னாலும் தப்பில்லை. ஆனால் பெயருக்கு இருக்கும் மவுசு தனி. 2024-25 நிதியாண்டில் இந்தியாவில் விற்ற பயணிகள் வாகனங்களில் 65 சதவீதம் யுடிலிட்டி வாகனங்கள். செடானுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. பல வருடங்களாக டாக்ஸியாக ஓடியதால், டிசையர் வாங்கினால் "கேப் ஓட்டுறியா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். நிறைய பேர் ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுப்பது இந்த ஒரு கேள்வியைத் தவிர்க்கத்தான் என்று சொன்னால், ஷோரூம்காரர்கள் மறுக்கமாட்டார்கள்.

உயரத்துக்கு மாத வாடகை

வரிக்குறைப்பு அமலுக்கு வந்தபோது டிசையரின் ஆரம்ப ஷோரூம் விலை சுமார் 6.26 லட்சம், நெக்ஸானுக்குச் சுமார் 7.32 லட்சம். வித்தியாசம் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. அந்த ஒரு லட்சத்தை மட்டும் 9 சதவீத வட்டியில் 5 வருடக் கடனாக எடுத்தால் இ.எம்.ஐ. சுமார் 2,075 ரூபாய் கூடும்.

அடுத்தது பெட்ரோல். கம்பெனி சொல்லும் கணக்கில் டிசையர் மேனுவல் லிட்டருக்கு 24.79 கி.மீ., நெக்ஸான் பெட்ரோல் மேனுவல் சுமார் 17.4 கி.மீ. நெக்ஸான் டர்போ இன்ஜின் வண்டி. டிசையர் ஒரு டன்னுக்குக் கீழே, நெக்ஸான் ஒரு டன்னைத் தாண்டும். உயரம் அதிகம் என்பதால் காற்றை முட்டித் தள்ளும் முகப்பும் பெரிது. மாதம் 1,000 கி.மீ. ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் ஒன்றுக்கு 40 லிட்டர், இன்னொன்றுக்கு 57 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று போட்டாலும் 1,700 ரூபாய் வித்தியாசம். ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் இரண்டுமே இந்த மைலேஜைத் தராது. இரண்டும் ஒரே விகிதத்தில் குறைந்தால், லிட்டர் கணக்கில் இடைவெளி இன்னும் கூடத்தான் செய்யும்.

ஆக இ.எம்.ஐ., பெட்ரோல் இரண்டையும் சேர்த்தால் மாதம் 3,700 ரூபாய்க்கு மேல். டயர் மாற்றும்போதும் தெரியும். டிசையரின் மேல் வேரியன்ட்டுகளில் 15 அங்குல வீல், நெக்ஸானில் 16 அங்குலம், டயரின் அகலமும் கூடுதல்.

பதிலுக்கு நெக்ஸான் சும்மா நிற்கவில்லை. அதன் இன்ஜின் 120 பி.எஸ். சக்தி தருகிறது, டிசையரின் மூன்று சிலிண்டர் இன்ஜின் சுமார் 82 பி.எஸ். ஏ.சி. போட்டு ஐந்து பேரோடு ஏற்காடு ஏறும்போது இந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும்.

10 லட்சம்: தமிழ்நாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய கோடு

ஷோரூமில் விற்பனைப் பிரதிநிதி "சார், இன்னும் பத்தாயிரம்தான், சன்ரூஃப் வந்துடும்" என்பார். அந்தப் பத்தாயிரம் எந்தக் கோட்டைத் தாண்டுகிறது என்று பாருங்கள்.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் சாலை வரி மாற்றப்பட்டது. கார் விலை 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். இது வருமான வரி மாதிரி அடுக்கடுக்காக வருவதில்லை. 10 லட்சத்தைத் தாண்டினால் முழு விலைக்கும் 18 சதவீதம். 9.95 லட்ச ரூபாய் காருக்கு வரி 1,29,350 ரூபாய். 10.05 லட்ச ரூபாய் காருக்கு 1,80,900 ரூபாய். காரின் விலை பத்தாயிரம் ஏறியது, வரி 51,550 ரூபாய் ஏறியது.

ஜி.எஸ்.டி. குறைந்தபோது டிசையரின் எல்லா வேரியன்ட்டும் இந்தக் கோட்டுக்குக் கீழே வந்துவிட்டன. நெக்ஸானில் ஆரம்ப வேரியன்ட்டுகள் கீழே, மேல் வேரியன்ட்டுகள் மேலே. அதனால் கொட்டேஷன் வாங்கும்போது ஷோரூம் விலை 10 லட்சத்தை ஒட்டி இருந்தால், ஒரு வேரியன்ட் கீழே இறங்கி ஆன்ரோடு விலையையும் கேட்டுப் பாருங்கள். ஒரு சன்ரூஃபுக்கு 60,000 ரூபாய் கொடுக்கிறோமா என்பது அப்போதுதான் தெரியும்.

மழை வந்தால் எஸ்.யூ.வி. காப்பாற்றுமா?

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அந்த வரிசையில் எஸ்.யூ.வி.களும் இருந்தன. 2015, 2023 டிசம்பர்களைப் பார்த்த ஊருக்கு அந்தப் பயம் நியாயம்தான்.

டிசையரின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மி.மீ., நெக்ஸானுக்கு 208 மி.மீ. இந்த 45 மி.மீ. என்பது இரண்டு விரல் அகலத்தைவிடக் கொஞ்சம் அதிகம். வேகத்தடையில் இது பெரிய விஷயம். இந்திய சாலைகள் காங்கிரஸ் விதிப்படி வட்டவடிவ வேகத்தடையின் உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர். அப்படிக் கட்டியிருந்தால் டிசையர் தாராளமாகத் தாண்டும். நம் தெருக்களில் இரவோடு இரவாக முளைக்கும் வேகத்தடைகள் எந்த விதிப்புத்தகத்தையும் பார்த்து முளைப்பதில்லை. ஐந்து பேர் உட்கார்ந்து டிக்கியும் நிறைந்தால் வண்டி இன்னும் தாழும். அடியில் உரசும் சத்தம் கேட்டே பழகியவர்களுக்கு நெக்ஸான் நிம்மதி. செடான்தான் வேண்டும், ஆனால் உரசக் கூடாது என்பவர்களுக்கு 172 மி.மீ. உள்ள ஹோண்டா அமேஸ் நடுவில் ஒரு வழி.

ஆனால் தேங்கிய தண்ணீர் வேறு கதை. இன்ஜினுக்குக் காற்று உள்ளே போகும் குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் அங்கே முக்கியம். அதன் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விட்டால், பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 'எஸ்.யூ.வி.தானே' என்று தைரியமாக இறங்குபவரும், முன்னால் போகும் பஸ் கிளப்பும் அலையில் மாட்டுபவரும் இப்படித்தான் சிக்குகிறார்கள். நின்றுபோன வண்டியைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் சேதம் பல மடங்காகும். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசி வெள்ளச் சேதத்துக்குப் பணம் தரும். இப்படித் தண்ணீர் புகுந்து இன்ஜின் போனால் பொதுவாக 'இன்ஜின் புரொடெக்ட்' ஆட்-ஆன் இருந்தால்தான் கிளைம் கிடைக்கும். தாழ்வான பகுதியில் வீடு என்றால், எந்தக் காராக இருந்தாலும் இந்த ஆட்-ஆனை விட்டுவிடாதீர்கள்.

பாதுகாப்பிலும் உயரத்துக்குத் தனி மதிப்பெண் இல்லை. குளோபல் என்-கேப் சோதனையில் 5 ஸ்டார் வாங்கிய முதல் இந்திய கார், 2018-ல், நெக்ஸான். 2024-ல் அதே சோதனையில் 5 ஸ்டார் வாங்கிய முதல் மாருதி, டிசையர். இரண்டிலும் ஆறு ஏர்பேக் எல்லா வேரியன்ட்டிலும் உண்டு. வளைவில் வேகமாகத் திரும்பும்போது தாழ்வான வண்டி குறைவாகச் சாயும், அது செடான் பக்கம்.

புக்கிங் பணம் கட்டும் முன்

அடுக்குமாடியில் மெக்கானிக்கல் ஸ்டாக் பார்க்கிங் இருந்தால் முதலில் அந்தத் தட்டின் உயரத்தைக் கேளுங்கள். செடானுக்கான தட்டுகள் 1,550 மி.மீ. அளவில் அமைக்கப்பட்ட கட்டிடங்கள் இருக்கின்றன. அங்கே 1,525 உயர டிசையர் நுழையும், 1,620 உயர நெக்ஸான் நுழையாது. சி.என்.ஜி. யோசனை இருந்தால் கதை தலைகீழ். டிசையரில் சிலிண்டர் டிக்கியின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். நெக்ஸானில் இரட்டைச் சிலிண்டரைக் கீழே ஒளித்து வைத்திருப்பதால் 321 லிட்டர் மிச்சம்.

டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். அம்மாவையும் அழைத்துப் போய், நின்றுகொண்டிருக்கும் காரின் பின் ஸீட்டில் மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். டிசையரில் உட்காரும்போது உடம்பு கீழே இறங்க வேண்டும், எழும்போது முட்டியை ஊன்ற வேண்டும், சரிந்து வரும் கூரைக்குத் தலையையும் குனிய வேண்டும். நெக்ஸானில் ஸீட் உயரமாக இருப்பதால் அப்படியே பக்கவாட்டில் நகர்ந்து உட்காரலாம். ஆனால் ரொம்பக் குள்ளமானவர்களுக்கு அதுவே ஒரு படி ஏறுவது மாதிரி இருக்கும். மூன்றாவது முறை இறங்கும்போது அவர் கதவுக் கைப்பிடியை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறார் என்று பார்த்துவிட்டு, அப்புறம் கொட்டேஷனைக் கையில் எடுங்கள்.